‘நீங்கள் அந்த நாட்டவர்தானே?’: பூர்வீகத்தை மாற்றிச் சொல்பவர்களிடம் பேசும் முறை

புதிய நாட்டிலோ புதிய பணியிடத்திலோ காலடி வைப்பவருக்கு முதல் சில வாரங்களிலேயே நேரும் அனுபவம் ஒன்று உண்டு. அறிமுகமாகிப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், எதிரில் இருப்பவர் நம் தோற்றத்தையோ பேச்சின் சாயலையோ பெயரின் ஓசையையோ வைத்து ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். நாம் சேராத ஒரு நாட்டின், நாம் பேசாத ஒரு மொழியின், நாம் பின்பற்றாத ஒரு சமயத்தின் ஆளாக நம்மை எண்ணிக்கொண்டு அதற்கேற்பப் பேசத் தொடங்குகிறார். மறுத்தால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்கி நாமும் சிரித்து வைக்கிறோம். அடுத்த முறை அதே தவறு இன்னும் உறுதியாக வருகிறது. ஆறு மாதம் கழித்துத் திருத்த முயன்றாலோ, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி எழுந்து, பிழை நம்முடையது போலாகிவிடுகிறது.

இந்தச் சங்கடத்தை முதன்முறையாக எதிர்கொள்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பிறர் செய்யும் தவறு பெரும்பாலும் நம் அடையாளம் முழுவதையும் பற்றியதாக இருப்பதில்லை என்பதே என் அனுபவம். நாடு, மொழி, இனம், சமயம் என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இழைகளுள் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வதால்தான் அது வருகிறது. எந்த இழை பிசகியது என்று கண்டுகொண்டு அந்த ஒன்றை மட்டும் திருத்தினால், பேச்சும் கெடாது, உண்மையும் நிலைக்கும். நம் மக்களின் வரலாறு முழுவதையும் எடுத்துரைக்க வேண்டிய கடமை நமக்கு இல்லை.

முதற்படி: உங்கள் இழைகளை நீங்களே பிரித்துப் பாருங்கள்

பிறருக்குச் சொல்வதற்கு முன் நமக்கே தெளிவாக இருக்க வேண்டும். இது எளிது என்று தோன்றும். ஆனால் ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்தால், நம்முள் பலர் இதுவரை இவற்றைத் தனித்தனியாக யோசித்ததே இல்லை என்பது புரியும். எந்த நாட்டின் குடியுரிமை உங்களுக்கு இருக்கிறது, எங்கே பிறந்தீர்கள், எங்கே வளர்ந்தீர்கள், வீட்டில் பேசும் மொழி எது, பெற்றோரும் அவர்களுடைய பெற்றோரும் எங்கிருந்து வந்தவர்கள், உங்கள் மக்கள் தங்களை என்ன பெயரால் அழைத்துக்கொள்கிறார்கள், சமயம் என ஒன்று உண்டா, உண்டென்றால் அதை வெளியில் சொல்ல விரும்புகிறீர்களா என்ற வினாக்களுக்குத் தனித்தனி வரியில் விடை எழுதுங்கள். எல்லா வரிகளிலும் ஒரே விடை வருபவர்கள் உலகில் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

கயானாவைச் சேர்ந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். பிரிட்டிஷ் கயானாவாக இருந்த அந்நாட்டுக்கு 1838ஆம் ஆண்டு தொடங்கி, கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலைசெய்ய இந்தியர்கள் கப்பல்களில் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களின் வழிவந்தவர் இன்று வேறொரு நாட்டுக்குக் குடிபெயர்ந்தால், பார்ப்பவர்கள் அவரை இந்தியர் என்பார்கள். அவரோ இந்தியாவைப் பார்த்திருக்கவே மாட்டார். அவருடைய நாடு தென்னமெரிக்காவில் இருக்கிறது. அதன் ஆட்சிமொழி ஆங்கிலம். அதன் பண்பாட்டு உறவுகள் கரீபியத் தீவுகளோடு. அவரை இந்தியர் என்பது முழுப் பொய்யாகாது. முழு உண்மையும் ஆகாது. இப்படிப்பட்டவருக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு சொற்களுமே உதவாது. ‘கயானாவில் பிறந்தவன், என் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்’ என்று இரண்டு இழைகளையும் பிரித்துச் சொல்வதே அவருக்கு வழி.

ஒரு மக்கள் கூட்டத்தைத் தனி இனமாக ஆக்குவது எது என்ற வினா நீதிமன்றங்களுக்கும் சென்றிருக்கிறது. தலைப்பாகை அணிந்த சீக்கிய மாணவன் ஒருவனைப் பள்ளியில் சேர்க்க மறுத்ததால் எழுந்த மண்ட்லா வழக்கில், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரித்தானியப் பிரபுக்கள் அவை 1983இல் தீர்ப்பளித்தபோது, நீதிபதிகளுள் ஒருவரான ஃபிரேசர் பிரபு சில அளவுகோல்களை வகுத்தார். தன்னுடையதென்று உணரும் நெடிய பொது வரலாறும், தனக்கென ஒரு பண்பாட்டு மரபும் இன்றியமையாதவை என்றார். பொதுவான புவியியல் தோற்றுவாய் அல்லது சில பொது முன்னோர், பொது மொழி, பொது இலக்கியம், அண்டை மக்களிடமிருந்து வேறுபட்ட சமயம், பெரிய சமூகத்துக்குள் சிறுபான்மையாக இருக்கும் நிலை ஆகியவற்றைத் துணைச் சான்றுகளாகக் கொண்டார். சட்டத்துக்காக வகுக்கப்பட்டவைதாம், எனினும் தன்னைப் பற்றித் தெளிவு தேடுபவருக்கு இவற்றைவிடப் பயனுள்ள பட்டியலை நான் கண்டதில்லை. மொழி துணைச் சான்றுகளின் வரிசையில் இருப்பதைக் கவனியுங்கள். தாத்தாவின் மொழி தனக்குப் பேச வராது என்பதால் அந்த மரபு தன்னுடையதில்லை என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு அது ஓர் ஆறுதல்.

உமிழ்நீர் மாதிரியை அனுப்பிப் பெறும் மரபணுச் சோதனை முடிவுகளை இந்தத் தாளில் எழுத வேண்டாம் என்பேன். அந்தச் சதவீதங்கள் சோதனை நிறுவனம் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் ஒப்பீட்டு மாதிரிகளைப் பொறுத்தவை. மாதிரிகள் கூடும்போது அதே ஆளின் சதவீதங்களும் மாறும். மேலும், உயிரணுக்களில் இருப்பது பரம்பரை. தாலாட்டு அங்கே பதிவாவதில்லை.

இரண்டாம் படி: பிசகியது எந்த இழை?

தவறு நேரும் கணத்தில் கோபமோ சலிப்போ வருவது இயல்பு. அதற்கு இடம் கொடுக்காமல், இவர் எதை எதனுடன் குழப்பிக்கொண்டார் என்று மனத்துக்குள் ஒரு கேள்வி கேட்டுப் பழகினால், விடை பாதி கிடைத்துவிடும்.

மிகப் பரவலான குழப்பம் எழுத்தையும் மொழியையும் ஒன்றாக நினைப்பது. ஈரானியர்களை அரபியர் என்று கருதுபவர்கள் பெரும்பாலும் எழுத்தைப் பார்த்தே அப்படிக் கருதுகிறார்கள். பாரசீகம் எழுதப்படுவது அரபு எழுத்து முறையில்தான். அதோடு நான்கு எழுத்துகளைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அரபு செமித்தியக் குடும்பம். இதற்கு நேர்மாறாக, மால்ட்டா நாட்டு மொழி செமித்திய மொழியாக இருந்தும் ரோமன் எழுத்தில் எழுதப்படுவதால் அதை இத்தாலிய மொழியின் கிளை என்று நினைப்பவர்கள் உண்டு. சிரில்லிக் எழுத்தைக் கண்டு கசாக் மொழியை ரஷ்யத்தின் உறவாக எண்ணுபவர்களும் இருக்கிறார்கள். அது துருக்கிய மொழிக் குடும்பம். எழுத்தால் வந்த குழப்பத்துக்கு ‘எழுத்து அவர்களிடமிருந்து வந்தது, மொழி வேறு’ என்ற ஒரே வாக்கியம் போதும்.

அடுத்தது, பெயரால் வரும் குழப்பம். பிலிப்பைன்ஸ் நாட்டவர் பலருக்கு எஸ்பானியக் குடும்பப் பெயர்கள் இருப்பதைப் பார்த்து, அவர்கள் எஸ்பானிய வம்சம் என்றோ இலத்தீன் அமெரிக்கர் என்றோ பிறர் முடிவு கட்டுகிறார்கள். உண்மையில், 1849இல் அந்நாட்டை ஆண்ட எஸ்பானிய ஆளுநர் கிளவேரியா பிறப்பித்த ஆணைப்படி, வரி வசூலுக்கும் பதிவேடுகளுக்கும் வசதியாக, ஒரு பெயர்ப் பட்டியலிலிருந்து குடும்பப் பெயர்கள் மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஆட்சியாளரின் மேசையிலிருந்து வந்த பெயரைக் கொண்டு குருதி உறவைக் கணக்கிடுவது எவ்வளவு பொருந்தாது என்பதை இந்த ஒரு செய்தியே விளக்கிவிடும். உங்கள் பெயருக்கும் இப்படி ஒரு வரலாறு இருந்தால், அதை இரண்டு வரியில் சொல்லத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரின் கதையைக் கேட்கப் பலருக்கும் ஆர்வம் இருக்கும்.

சமயத்தையும் இனத்தையும் ஒன்றாகக் கொள்வது மூன்றாவது. அரபு பேசுபவர்கள் அனைவரும் முஸ்லிம்கள் அல்லர். எகிப்தின் கோப்டிக் கிறிஸ்தவர்களும் லெபனானின் மரோனியக் கிறிஸ்தவர்களும் இதற்குச் சான்று. முஸ்லிம்கள் அனைவரும் அரபியரும் அல்லர். பல கோடி முஸ்லிம்கள் வாழும் இந்தோனேசியா அரபு நாடன்று. நாட்டின் பெயரே இனத்தின் பெயர் என்று கொள்வது நான்காவது. குர்தியர்கள் துருக்கி, ஈரான், ஈராக், சிரியா ஆகிய நான்கு நாடுகளின் எல்லைகளுக்குள் பரவி வாழ்கிறார்கள். அவர்களிடம் ‘எந்த நாடு?’ என்று கேட்டுப் பெறும் விடையிலிருந்து அவர்கள் யார் என்பது தெரிய வராது.

நானே இந்தக் குழியில் விழுந்தவன். உடன் பணியாற்றிய பிரேசில் நாட்டுப் பெண்மணி ஒருவரிடம், நான் பழகிக்கொண்டிருந்த எஸ்பானிய வாக்கியம் ஒன்றைப் பெருமையோடு சொன்னேன். அவர் புன்னகை மாறாமல், ‘அழகாகச் சொன்னீர்கள், ஆனால் நாங்கள் பேசுவது போர்த்துக்கீசியம்’ என்றார். அத்தோடு பேச்சு வேலைக்குத் திரும்பிவிட்டது. பதினைந்து ஆண்டுகளாகியும் அந்தத் திருத்தம் எனக்கு நினைவிருப்பதற்குக் காரணம் அதன் சுருக்கம்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் படி: திருத்தத்தான் வேண்டுமா?

எல்லாத் தவறுகளையும் திருத்திக்கொண்டிருந்தால் வேறு வேலை நடக்காது. இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடப்போகும் பயணத்தில் ஓட்டுநர் ஏதோ ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி நலம் விசாரித்தால், தலையசைத்துவிட்டுப் போவதில் இழுக்கு எதுவும் இல்லை. அது பொய் சொல்வதும் ஆகாது. மீண்டும் மீண்டும் சந்திக்கப்போகும் மனிதரா, அவருடைய தவறு மற்றவர்களுக்கும் பரவக்கூடியதா, எழுத்தில் பதிவாகக்கூடியதா என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றில் ஒன்று ‘ஆம்’ என்றாலும் திருத்துவது நல்லது. அதுவும் முதல் முறையே திருத்துவது நல்லது. முதல் முறை சொன்னால் அது தகவல். பத்தாம் முறை சொன்னால் அது புகார்.

கேட்பவரின் நோக்கத்தையும் ஓரளவு எடைபோட வேண்டும். ஆர்வத்தால் கேட்பவர் நம் விடைக்காகக் காத்திருப்பார். தன் அறிவைக் காட்டிக்கொள்ளக் கேட்பவர் விடை வருமுன்பே அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிடுவார். வெறுப்போடு கேட்பவர் விடை எதுவாக இருந்தாலும் தன் முடிவை மாற்றிக்கொள்ள மாட்டார். அந்த மூன்றாம் வகையினரிடம், அதிலும் தனியிடத்திலோ இரவு நேரத்திலோ, உங்கள் மரபை விளக்க நிற்காதீர்கள். அங்கிருந்து பத்திரமாக விலகி, நம்பகமான ஒருவரிடமோ உரிய அதிகாரியிடமோ சொல்வதுதான் செய்ய வேண்டியது.

நான்காம் படி: ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும்

திருத்துவது என்று முடிவுசெய்தபின், சொல்ல வேண்டிய வாக்கியத்தை அந்த இடத்தில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. முன்கூட்டியே செய்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து வைத்திருக்க வேண்டும். ‘நான் யார்’ என்பதில் அந்த வாக்கியம் தொடங்கட்டும். ‘நான் அரபியன் இல்லை’ என்று தொடங்கினால் கேட்பவர் மனத்தில் தங்குவது ‘அரபியன்’ என்ற சொல்தான். ‘நான் ஈரானிலிருந்து வருகிறேன், எங்கள் மொழி பாரசீகம்’ என்றால் புதிய சொற்கள் இரண்டு அங்கே போய் உட்காரும், பழைய தவறு தானாகவே இடம் காலி செய்துவிடும்.

அதற்கு மேல் சேர்க்க விரும்பினால், கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு தொடர்பு காட்டும் செய்தி ஒன்றே ஒன்றைச் சேர்க்கலாம். உங்கள் நாட்டைக் கேள்விப்படாதவரிடம் அதன் அண்டை நாட்டைச் சொல்லுங்கள்; உங்கள் மொழியைக் கேள்விப்படாதவரிடம் அதை எத்தனை நாடுகளில் பேசுகிறார்கள் என்று சொல்லுங்கள். ‘சூரினாம் என்று ஒரு நாடு, தென்னமெரிக்காவில், பிரேசிலுக்கு வடக்கே இருக்கிறது, அங்கே டச்சு மொழிதான் ஆட்சிமொழி’ என்று சொன்னால், கேட்பவர் வியப்போடு அடுத்த கேள்வியைத் தாமே கேட்பார். கேட்டால் மேலே சொல்லுங்கள். கேட்காவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

நிறுத்துவதுதான் கடினம். அதில் நான் பலமுறை தோற்றிருக்கிறேன். ஒரு விருந்தில், என் பூர்வீகத்தை மாற்றிச் சொன்ன பெரியவர் ஒருவருக்கு, மொழிக் குடும்பங்களில் தொடங்கி, புலம்பெயர்வுகளின் காரணங்களைத் தொட்டு, குடியேற்ற ஆட்சிக் காலத்து எல்லைக் கோடுகள் வரை விரிவாக எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் என்னை வேறொருவருக்கு அறிமுகம் செய்யும்போது அதே பழைய தவற்றையே மீண்டும் சொன்னார். என் சொற்பொழிவில் அவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய அந்த ஒரு சொல் எது என்பது அவருக்குத் தெரியவே இல்லை. பிழை அவருடையது என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

குரலும் வாக்கியத்தின் ஒரு பகுதிதான். மன்னிப்புக் கேட்கும் தொனியில், ‘மன்னிக்கவும், உண்மையில் நான்...’ என்று இழுக்க வேண்டாம். மணி கேட்டவருக்கு மணி சொல்வது போன்ற இயல்பான தொனி போதுமானது. எதிரில் இருப்பவர் வெட்கப்பட்டுப் பலமுறை மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால், ‘பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லி அவரை அதிலிருந்து விடுவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவருடைய சங்கடத்தைத் தேற்றும் வேலையும் உங்கள் தலையில் விழும்.

ஐந்தாம் படி: திருத்தும்போது பிறரைத் தள்ளிவிடாதீர்கள்

‘அவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள்’ என்ற குரல் எவ்வளவு எளிதில் நம் வாயிலிருந்து வந்துவிடுகிறது என்பதை, வந்தபின்தான் நாம் கவனிக்கிறோம். ஆகவே இந்தப் படியில் சற்று நின்று பேச விரும்புகிறேன். யாராகத் தவறாகக் கருதப்பட்டோமோ அந்த மக்கள் அப்போது பொதுவெறுப்புக்கு உள்ளானவர்களாக இருந்தால், அந்தக் குரலுக்குப் பின்னால் அச்சமும் இருக்கும்.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியபின், அமெரிக்காவில் வாழ்ந்த சீனர்கள் தங்களைப் பிறர் ஜப்பானியராக எண்ணித் தாக்குவார்களோ என்று அஞ்சி, ‘நான் சீனன்’ என்று எழுதிய வில்லைகளைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். அந்த மாதம் 22ஆம் தேதியிட்ட ‘லைஃப்’ இதழ், சீனரையும் ஜப்பானியரையும் முகத்தை வைத்து எப்படிப் பிரித்தறிவது என்று படங்களோடு ஒரு கட்டுரையே வெளியிட்டது. அந்த வில்லையை அணிந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; உயிரச்சம் எவருக்கும் பொது. ஆனால் அந்த வில்லையால் காக்கப்பட்டவர்கள் அதை அணிந்தவர்கள் மட்டுமே. அமெரிக்கக் குடிமக்களாக இருந்த ஜப்பானிய வம்சாவளியினரும் அடுத்த ஆண்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1982 ஜூன் மாதத்தில், ஜப்பானிய கார்களின் இறக்குமதியால் வேலைகள் போகின்றன என்ற ஆத்திரம் நிலவிய டெட்ராய்ட் பகுதியில், வின்சென்ட் சின் என்ற சீன வம்சாவளி இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். வெறுப்புக்கு முகங்களைப் பிரித்துப் பார்க்கும் பொறுமை கிடையாது.

2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பின் நான்காம் நாளே, அரிசோனாவின் மேசா நகரில் பெட்ரோல் நிலையம் நடத்திவந்த சீக்கியர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பாகையையும் தாடியையும் கண்டவன், அவரைத் தான் வெறுத்த வேறொரு கூட்டத்தின் ஆளாக எண்ணினான். அக்காலத்தில் சீக்கியர்களின் முன் எழுந்த வினா மிகக் கடினமானது. ‘நாங்கள் முஸ்லிம்கள் அல்லர்’ என்று சொன்னால், முஸ்லிம்களைத் தாக்குவது சரி என்பதுபோல் ஒலித்துவிடும். சொல்லாவிட்டால் தம் சமயம் என்ன என்பதே எவருக்கும் தெரியாமல் போகும். ‘நாங்கள் சீக்கியர்கள்; எங்கள் நம்பிக்கை இது; எவரையும் அவருடைய சமயத்துக்காகத் தாக்குவது குற்றம்’ என்ற வரிசையில் சொல்வதுதான் இரண்டு கேடுகளையும் தவிர்க்கும்.

அன்றாடப் பேச்சுக்கும் இதே வரிசை பொருந்தும். தவறாகச் சுட்டப்பட்ட மக்களைப் பற்றிக் கேலியோ வசையோ அந்தப் பேச்சில் இருந்தால், முதலில் அந்தக் கேலியை மறுத்துவிட்டுப் பிறகு உங்கள் அடையாளத்தைச் சொல்லுங்கள். வரிசை மாறினால், ‘என்னைச் சொல்லாதே, அவனைச் சொல்லிக்கொள்’ என்ற பொருள் வந்துவிடும்.

ஆறாம் படி: பெயர்ச்சொல்லில் கவனம்

வெளியார் வைத்த பெயரைத் திருத்த வேண்டிய நிலை பல மக்களுக்கு உண்டு. ஐரோப்பா முழுவதும் பரவி வாழும் ரோமா மக்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்ற தவறான நம்பிக்கையால்தான் ஆங்கிலத்தில் ‘ஜிப்சி’ என்றும் எஸ்பானியத்தில் ‘ஹித்தானோ’ என்றும் பெயர் பெற்றார்கள். அவர்களுடைய மொழியோ இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1971இல் லண்டன் அருகே கூடிய முதல் உலக ரோமானி மாநாடு ‘ரோமா’ என்ற பெயரை ஏற்றது. வடதுருவப் பகுதி மக்களும் ‘எஸ்கிமோ’ என்ற பெயரை ஒதுக்கி, 1977இல் அலாஸ்காவில் கூடிய தங்கள் மாநாட்டில் ‘இனுயிட்’ என்ற பெயரைத் தேர்ந்துகொண்டார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அலாஸ்காவின் மேற்குப் பகுதியிலும் சைபீரியாவிலும் வாழும் யூப்பிக் மக்கள் இனுயிட் மக்களுக்கு உறவினர்கள். ஆனால் இனுயிட் அல்லர். ‘எஸ்கிமோ’ என்று சொல்லக் கூடாது எனக் கற்றுக்கொண்ட நல்லெண்ணக்காரர் அவர்களை ‘இனுயிட்’ என்று அழைத்தால், ஒரு தவற்றை நீக்கி இன்னொரு தவற்றை வைத்தவராகிறார். உங்கள் மக்களுக்குள்ளும் இப்படி உட்பிரிவுகள் இருக்கலாம்; அவற்றுள் சிலருக்கு உவப்பான பெயர் வேறு சிலருக்குக் கசக்கலாம். அதனால் ‘எங்களை இப்படித்தான் அழைக்க வேண்டும்’ என்று அனைவர் சார்பிலும் தீர்ப்புச் சொல்லாமல், ‘என்னை இப்படி அழைப்பதை விரும்புகிறேன்’ என்று உங்கள் அளவில் சொல்வது நேர்மையானது. விவாதத்துக்கும் இடம் தராது.

ஏழாம் படி: படிவங்கள்

பேச்சில் நேரும் தவறு காற்றோடு போகலாம். படிவத்தில் நேர்ந்தால் அது கோப்பில் உட்கார்ந்துவிடும். இதற்கு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைவிடத் தெளிவான பாடம் இல்லை. 1920 முதல் 1940 வரை நடந்த மூன்று கணக்கெடுப்புகளில், இந்திய வம்சாவளியினர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் ‘இந்து’ என்பது ஓர் இனமாகக் குறிக்கப்பட்டது. அங்கிருந்த இந்தியர்களுள் பெரும் பகுதியினர் சீக்கியர்கள் என்பது அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. முதல் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் தீந்த் என்ற சீக்கியரின் குடியுரிமை வழக்கிலும் அவரை ‘இந்து’ என்றே குறித்தார்கள். 1923இல் உச்ச நீதிமன்றம் அவர் குடியுரிமைச் சட்டம் சொன்ன ‘வெள்ளையர்’ என்ற சொல்லின் பொருளுக்குள் வரமாட்டார் என்று தீர்ப்பளித்தது. பெரும்பாலான மக்கள் தங்கள் இனத்தைத் தாங்களே குறிக்கும் வாய்ப்பு 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் வந்தது. அதற்குமுன் கணக்கெடுக்க வந்தவர் பார்த்து முடிவுசெய்தார். ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கலாம் என்ற மாற்றம் 2000இலும், மத்தியக் கிழக்கு மற்றும் வட ஆப்பிரிக்க மக்களுக்குத் தனிப் பிரிவு வகுக்கும் விதி 2024 மார்ச் மாதத்திலும் வந்தன. அதுவரை அவர்கள் ‘வெள்ளையர்’ என்ற கட்டத்தில் இருந்தார்கள்.

ஒரு நாட்டின் கட்டங்கள் இன்னொரு நாட்டில் இருக்காது. பிரித்தானியாவில் இனம் பற்றிய வினா 1991 கணக்கெடுப்பில்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. பிரான்சில் கணக்கெடுப்பு அதைக் கேட்பதே இல்லை. ஆகவே புதிய நாட்டுக்குச் செல்பவர், கையில் கிடைத்த படிவத்தின் வகைப்பாடே தம் அடையாளம் என்று குழம்ப வேண்டாம். அது நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு. விளக்கக் குறிப்பைப் படித்துப் பாருங்கள்; உங்களுக்குப் பொருந்தும் கட்டம் இல்லையென்றால் ‘பிற’ என்பதற்கு எதிரே எழுத இடம் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் உங்கள் மக்களின் பெயரை முழுமையாக எழுதுங்கள். பலர் எழுதினால்தான் அடுத்த படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் வரும்.

மருத்துவமனையிலோ பள்ளியிலோ அலுவலகத்திலோ, நீங்கள் சொல்லாமலே உங்கள் இனத்தையோ மொழியையோ யாரேனும் குறித்திருப்பதைக் கண்டால், வாய்மொழியாகச் சொல்வதோடு நிற்காமல், சுருக்கமாக எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, தம்மைப் பற்றிய தவறான தகவலைத் திருத்தக் கோரும் உரிமையை 16ஆம் பிரிவில் தருகிறது. இனத் தோற்றம் பற்றிய தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்கு உரியதாக 9ஆம் பிரிவில் வைக்கிறது. மொழி தவறாகப் பதிவானால் விளைவு பெரிது. புரியாத மொழிக்கு உரைபெயர்ப்பாளரை அழைத்து, மருத்துவர் முன் இருவரும் விழித்துக்கொண்டிருக்க நேரும்.

எட்டாம் படி: சொன்ன பிறகும் மாறாதவர்கள்

மூன்று முறை சொல்லியும் அதே தவற்றைச் செய்பவர் மறதிக்காரராகவும் இருக்கலாம், அக்கறையற்றவராகவும் இருக்கலாம். எதுவாயினும், நான்காம் முறை எல்லோர் முன்னிலையிலும் திருத்தாமல், தனியே அழைத்து, ‘இதை நான் முன்பும் சொல்லியிருக்கிறேன், எனக்கு இது முக்கியம்’ என்று சொல்லுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால், தேதியும் சொன்ன சொற்களும் குறித்து வைத்துக்கொண்டு மேலதிகாரியிடம் செல்லலாம். வேண்டுமென்றே செய்யப்படும் கேலி, பல நாடுகளின் பணியிடச் சட்டங்களில் துன்புறுத்தலாகக் கருதப்படக்கூடியது.

குழந்தைகளுக்கு இந்தப் படிகள் எதுவும் வேண்டாம். அவர்களுக்கு நான்காம் படியில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கற்றுக்கொடுங்கள். வகுப்பாசிரியரிடம் அதை நீங்களே பள்ளி தொடங்கும் வாரத்தில் சொல்லி வைத்துவிடுங்கள். தன் மரபின் தூதுவராக நிற்கும் பொறுப்பு எட்டு வயதுக்கு உரியதன்று.

ஒன்பதாம் படி: நீங்கள் தவறு செய்யும் நாள்

அந்த நாளும் வரும். பிறரை நீங்கள் மாற்றி அடையாளம் கண்டு, அவர் திருத்தினால், ‘பார்த்தால் அப்படித் தெரிந்தது’ என்று காரணம் சொல்லத் தொடங்காதீர்கள். அந்தக் காரணம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். சொன்னதற்கு நன்றி கூறி, அவர் சொன்ன பெயரை அவருடைய உச்சரிப்பிலேயே ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். சரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவரை வேறொருவருக்கு அறிமுகம் செய்யும்போது அதைச் சரியாகச் சொல்லுங்கள். பிரேசில் நாட்டுத் தோழிக்கு நான் அடுத்த வாரம் சொன்ன வணக்கம் போர்த்துக்கீசியத்தில் இருந்தது. உச்சரிப்பு தவறு என்று அதையும் திருத்தினார்.